நால்வரும் சுகம்

இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனால் எங்கள் மருந்துக்கடையில் காத்திருக்க வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. மாத்திரை அலமாரியில் இருக்கிறது, மருத்துவர் எழுதிய துண்டு அவர்கள் கையில் இருக்கிறது, நான் முன்னால் நிற்கிறேன். ஆனாலும் காத்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்து சனத்தையெல்லாம் வாங்குப் பலகையில் உட்காரவைத்தவன் என்பதால் எனக்கு இதில் கோபம் வருவதில்லை. தொழில் தெரிந்தவர்கள் என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டு, இருமல் மருந்துக்கும் முழங்கால் பட்டிக்கும் நடுவே போட்டிருந்த கதிரையில் போன கிழமை உட்கார்ந்திருந்தேன். அப்போது கூரையில் இருந்த ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு வந்தது.

உங்களுக்குத் தெரிந்திருக்காது. பாடிய குழுவின் பெயரைத் தமிழில் எழுதினால் பூச்சிமருந்தின் பெயர் போலத் தோன்றும், ஆகவே விடுவோம். இரண்டு கிற்றார்கள் வெயிலில் தகரம் மினுங்குவது போலச் சத்தம் போடும். மேளம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடும். அதற்கு மேல் நான்கு இங்கிலாந்துப் பெடியன்கள் ஒன்றுமில்லாத ஒரு விஷயத்தைத் தொண்டை கிழியப் பாடுவார்கள். மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை அதைக் கூடவே முணுமுணுத்தது. அந்தப் பாட்டு வந்த காலத்தில் அது பிறந்திருக்காது. எனக்கோ, அந்தச் சுத்தமான கடைக்குள் கொத்துரொட்டி மணத்தது.

காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தமிழ் வானொலி இங்கே கனடாவில், ஸ்காபரோவின் மோர்னிங்சைட் பக்கம் ஒரு பிளாசாவின் மாடியில் நடந்தது. கீழே கொத்துரொட்டிக் கடை. தகட்டில் கொத்தும் சத்தம் தரை வழியாக ஏறி ஒலிவாங்கிக்குள் வந்துவிடும். அதைத் தடுக்க நாங்கள் சுவர் முழுக்க முட்டை வைக்கும் அட்டைத் தட்டுகளை ஒட்டியிருந்தோம். தட்டுகளைத் தந்ததும் அதே கடைதான். சத்தமும் அவர்களுடையது, சத்தத்துக்கு மருந்தும் அவர்களுடையது. இப்படியொரு நேர்மையான வியாபாரத்தை நான் பிறகு காணவில்லை.

அந்த நிலையம் சாதாரண ரேடியோவில் வராது. அதற்கென்று தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டும். அதில் நிலையம் மாற்றும் குமிழ் கிடையாது. போட்டால் நாங்கள், நிறுத்தினால் அமைதி. ஸ்காபரோவில் தமிழர் இருந்த அடுக்குமாடிகளில் அந்தப் பெட்டி அநேகமாகக் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் இருக்கும். விடியத்தொடக்கம் படுக்கும்வரை பேசிக்கொண்டே இருக்கும். பிடிக்காவிட்டாலும் கேட்கத்தான் வேண்டும், வேறு எதுவும் அதில் வராதே. ஆகவே எங்கள் நேயர்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள், எல்லாவற்றைப் பற்றியும் கருத்துச் சொன்னார்கள்.

பகலில் நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் நிலவறையில் கடிதம் பிரித்தேன். மாலையில் சம்பளமில்லாத வானொலிச் செயலாளர். அரசாங்க உத்தியோக விதிகளான தாபனக் கோவையை மனப்பாடமாக வைத்திருந்தவனை நிலவறையில் விட்டால் அந்த அறிவு எங்காவது ஒழுகத்தானே செய்யும். அது வானொலியில் ஒழுகியது. எவரும் கேட்காமலே நிலையத்துக்கு ஒரு யாப்பு, அதாவது விதிமுறைப் புத்தகம், எழுதினேன். கோப்பிக் குவளையை யார் கழுவுவது என்பதற்குக்கூட அதில் உபவிதி உண்டு. நிலையத்தின் சொந்தக்காரரான நாயகம் அண்ணை அதை வாசிக்காமலே கையெழுத்திட்டார். அவர் நல்ல மனிதர். வாசித்திருந்தால் கையெழுத்திட்டிருக்க மாட்டார்.

இனி ராஜினிக்கு வருகிறேன். இருபத்தைந்து வயதிருக்கும். காலையில் வோபர்னில் ஒரு டோனற் கடையில் வேலை, மாலையில் எங்கள் வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பு. சும்மா வாசிப்பு என்று நினைக்காதீர்கள். அடியில் இலேசாக நீர் ஓடும் ஒரு நிதானமான குரல் அது. "பிறப்பிடமாகவும்" என்று தொடங்கி "வதிவிடமாகவும் கொண்ட" என்று முடிக்கும்போது, செத்தவரோடு பத்து வருடம் கோபமாக இருந்தவர்கூடச் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். இலங்கையில், எங்கள் ஊர்ப்பக்கம், யுத்தம் நடந்த காலம். இங்கே இருப்பவர்களுக்கு அங்கே யார் போனார்கள் என்பது பலமுறை அவளுடைய வாயால்தான் தெரியவந்தது. அதிலே இளம் வயதுகள் அதிகம்.

அதனால் வந்த கஷ்டத்தை நான் பக்கத்தில் நின்றே பார்த்தேன். ஒருநாள் தமிழ்க்கடையில் அவள் முருங்கைக்காய் என்ன விலை என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு, "ஆர் பிள்ளை போனது?" என்றார். கையில் மல்லிக்கட்டோடு நின்ற ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கலியாணப் பேச்சும் இப்படித்தான் குழம்பியது. மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் அவளோடு ஒருமுறை பேசியபின், தரகரிடம் சொன்னாவாம்: "பிள்ளை தங்கமான பிள்ளை. ஆனா விடிய எழும்பி உந்தக் குரலிலை தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டா என்ர மகன் தாங்கான்."

இதைச் சொல்லி ராஜினி சிரித்தாள். சிரித்து முடித்தபின் எனக்கு முன்னால் உட்கார்ந்து, "அண்ணை, எனக்கு ஒருதரும் சாகாத ஒரு அரை மணித்தியாலம் வேணும்" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு அரை மணித்தியாலம் ஒருவருக்கும் வேண்டாததாகக் கிடந்தது. சனம் கடைக்கும் கோயிலுக்கும் போகிற நேரம். அதில் அவள் ஆங்கிலப் பாட்டுப் போட்டாள். தமிழில் அறிமுகம், பிறகு பாட்டு. ஏழெட்டுக் கிழமை போயிற்று. ஒருவரும் தொலைபேசி எடுக்கவில்லை. எங்கள் நேயர்கள் மௌனமாக இருந்தால் அதற்கு ஒரு கருத்துத்தான் உண்டு: பெட்டியை நிறுத்திவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு வீடு விற்பனை முகவர் வந்தார். அந்த அரை மணித்தியாலத்தில் வீடு வாங்கும் வழிமுறைகளைத் தானே பேசுவதாகச் சொன்னார். நாயகம் அண்ணைக்கு மறுக்கக் காரணமில்லை. ராஜினி மரண அறிவித்தலை மட்டும் வாசிக்கட்டும், அதற்கென்றே பிறந்த குரல் என்றார். அவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் யாப்பை எடுத்தேன். எந்த நிகழ்ச்சியையும் நிறுத்துமுன் தொடர்ந்து மூன்று வாரம் நேயர் கருத்துக் கேட்கப்பட வேண்டும், வரும் கருத்துகளில் பெரும்பான்மை எதுவோ அதுவே முடிவு. ஒருவரும் ஒருபோதும் தேடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நான் எழுதிய விதி. நாயகம் அண்ணை கண்ணாடியைப் போட்டு அதை வாசித்தார். பிறகு என்னை வாசித்தார்.

"உதை எப்ப எழுதினனீர்?"

"நீங்கள் கையெழுத்து வைக்க முதலே அண்ணை."

மூன்று கிழமை கிடைத்தது. ராஜினி மூன்று கிழமைக்கும் ஒரே இசைத்தட்டை எடுத்து வந்தாள். டோனற் கடையில் அவளோடு வேலைசெய்த வெள்ளைக்காரப் பெட்டை கொடுத்ததாம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு நான்கு பெடியன்கள் செய்த முதல் தட்டு. அட்டையில் நால்வரும் ஒரு கடற்கரைச் சுவரில் ஏறியிருந்து கடதாசியில் சுற்றிய கிழங்குப் பொரியல் தின்கிறார்கள். ஒருவனுக்கு மூக்கில் பரு. இதற்குப் பவர் பொப் என்று பெயர் என்றாள். நான் முழுதாகக் கேட்டேன். சங்கீதம் கேட்டு வளர்ந்த காது என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. பரீட்சையில் கோட்டைவிட்டதைப் பற்றி ஒரு பாட்டு, பஸ் தரிப்பில் நின்ற பெண்ணைப் பற்றி ஒன்று, கோடை விடுமுறை முடியப்போகிறதே என்று ஒன்று. இவ்வளவு சின்ன விஷயங்களுக்கு இவ்வளவு பெரிய சத்தமா என்று கேட்டேன். "அதுதான் அண்ணை வேணும்" என்றாள்.

முதற் சனிக்கிழமை வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. ராஜினி பதற்றத்தில் இருந்தாள். பதற்றத்தில் மனிதர் தமக்குப் பழகின பாதையில்தான் போவார்கள். அந்த நிதானமான, அடியில் நீர் ஓடும் குரலில் அவள் தொடங்கினாள்: "இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட கொலின், கெவின், நைஜல், பீற்றர் ஆகிய நால்வரும், வயது பத்தொன்பது..."

அதற்குமேல் என்ன சொன்னாள் என்பதை ஸ்காபரோவில் ஒருவரும் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். பாட்டுத் தொடங்குமுன்னே தொலைபேசியின் எல்லா விளக்குகளும் எரிந்தன. நான் எடுத்தேன். ஒருவர், நாலும் ஒரே காரிலா போனதுகள் என்று கேட்டார். இன்னொருவர் பார்வைக்கு வைப்பது எந்த மண்டபத்தில் என்றார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்றாலும் எங்களுடைய வானொலியில் சொல்கிறார்கள் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கூட்டாளிகளாக இருக்கும் என்று ஒரு அம்மா தானே முடிவுகட்டி அழுதுகொண்டிருந்தா. அடுப்பை நிறுத்திவிட்டு ஓடிவந்தவர்கள், கோயிலுக்குப் புறப்பட்டு, சாவுத் துடக்கு வந்துவிட்டதென்று செருப்பைக் கழற்றியவர்கள், எல்லோரும் வந்தார்கள். பின்னணியில் நால்வரும் கோடை விடுமுறையைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். "என்ன பிள்ளை, செத்தவீட்டிலை பாண்ட் அடிக்கினமே" என்றார் ஒரு கிழவர், குறையாக அல்ல, தகவலுக்காக.

ராஜினி ஒலிவாங்கியைத் திறந்து, நால்வரும் உயிரோடு இருக்கிறார்கள், இது பாட்டு, என்று மூன்று தரம் அறிவிக்க வேண்டியதாயிற்று. பிறகு ஒலிவாங்கியை மூடிவிட்டு மேசையில் தலையை வைத்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று முதலில் நினைத்தேன்.

திங்கட்கிழமை கூட்டத்தில் நான் அந்த அழைப்புகள் அத்தனையையும் ஆதரவுக் கருத்தாகச் சேர்த்தேன். இரங்கல் என்பதும் ஒரு நிகழ்ச்சியைக் கேட்டதால் எழுந்த கருத்தே, எதிர்ப்பு என்று எங்கும் சொல்லப்படவில்லை என்று வாதாடினேன். நாயகம் அண்ணை யாப்பை மூடினார். "செத்தவீட்டுக்கு வந்த சனத்தை நீர் கலியாணவீட்டுப் பந்தியிலை இருத்துறீர்" என்றார். முதற் கிழமைக் கருத்துகள் செல்லாது என்று தீர்ந்தது. நடைமுறை தெரிந்தவனோடு இருந்து அவரும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் சனி உண்மையான கருத்துகள் வந்தன. முன்கிழமைக் கலவரத்தால் இப்போது எல்லோரும் கேட்டார்கள். வந்தவற்றில் பெரும்பகுதி எதிர்ப்பு. பொப் பாட்டென்று சொல்லிவிட்டு இதென்ன என்று ஒருவர் சண்டை பிடித்தார். இலங்கையில் பொப் என்றால் எழுபதுகளில் கானிவெல் மேடையில் நீளக் காற்சட்டையோடு ஆடிப்பாடிய தமிழ்ப் பாட்டுத்தான். அதைக் கேட்க மனைவியைச் சமையலறையிலிருந்து கூட்டிவந்து உட்காரவைத்தாராம், மானம் போயிற்றாம். சுருதி சேரவில்லை என்றார் ஒரு மிருதங்க ஆசிரியர். ஆனால் மேளம் அடிக்கிற பெடியனிடம் சரக்கு இருக்கிறது, தாளம் தவறாமல் இரும்பில் ஒரு தனி அடி அடிக்கிறான் என்று மெச்சினார். அது கீழ்க்கடையில் கொத்துரொட்டி கொத்தும் தம்பி. நான் சொல்லவில்லை. ஆதரவுக் கருத்து ஒன்று குறைந்துவிடுமே.

ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும் எடுத்தது. "அக்கா, ஐ லவ் திஸ் அல்பம். ஆனா டெத் நியூஸ் மாதிரி இன்ரடியூஸ் பண்ணாதேங்கோ, இற்ஸ் சோ க்ரீப்பி" என்றது. உடனே தாய் தொலைபேசியைப் பறித்து, படிக்கிற பிள்ளையைக் கெடுக்கவேண்டாம் என்றா. ஒரு வீட்டிலிருந்து ஒன்றுக்கு ஒன்று, சரிசமன்.

என்னுடைய கருத்தை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். அந்தக் கிழமை நிலவறையில் கடிதம் பிரிக்கும்போது நான் பஸ் தரிப்புப் பெண்ணைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்ததைப் பக்கத்து மேசைக்காரன் கண்டுபிடித்துவிட்டான்.

மூன்றாம் சனி. வீடு விற்பனை முகவர் நேரத்துக்கே வந்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். எதிர்ப்புகள் முந்தி நின்றன. ராஜினிக்கு அது தெரியும். அவள் அன்று குரலை மாற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசிப் பார்த்தாள். கேட்கச் சகிக்கவில்லை. கடன் வாங்கிய சேலை போல அது ஓரிடத்திலும் நிற்கவில்லை. பாதியில் அதை விட்டுவிட்டுத் தன் சொந்தக் குரலுக்கே வந்தாள். நேயர்களுக்குப் பிடிக்காவிட்டால் இதுதான் கடைசிக் கிழமை என்று சொல்லி, கடைசி அழைப்பை நேரடியாக ஒலிபரப்பில் எடுத்தாள்.

வோபர்னிலிருந்து பரமேஸ்வரி என்று ஒரு அம்மா. முதலில் தொண்டையைச் செருமினா.

"பிள்ளை, போன தை மாசம் என்ர மகனின்ர பேரையும் நீர்தான் வாசிச்சனீர். அவனுக்கும் பத்தொன்பது."

கீழே கொத்தும் சத்தம் மட்டும் ஒலிபரப்பில் போயிற்று.

"அண்டைக்கு இந்த நாலு பெடியளின்ர பேரையும் நீர் சொல்ல நான் நெஞ்சிலை கை வைச்சிட்டன். பிறகு உயிரோட இருக்கினம் எண்டு சொன்னீர். உம்மட வாயாலை அப்பிடி ஒரு சொல்லு நான் கேட்டதே இல்லை. பாட்டு ஒண்டும் விளங்கேல்லை. சத்தம் கூடத்தான். அந்த நாட்டிலை பெடியள் உவ்வளவு சத்தம் போட்டால் ஒருதரும் வந்து பிடிச்சுக்கொண்டு போகாயினமோ?"

"இல்லை அம்மா."

"அப்ப போடும் பிள்ளை. சத்தமாய்ப் போடும்."

நாயகம் அண்ணை காதில் மாட்டியிருந்த கேட்செவியைக் கழற்றி மேசையில் வைத்தார். எண்ணிக்கை என்ன என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. யாப்பு மீறப்பட்டதை நான் கண்டும் காணாமல் விட்டது அந்த ஒரு முறைதான். அவர் வெளியே போய் முகவரிடம், "தம்பி, உமக்கு ஞாயிற்றுக்கிழமை தாறன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பரமேஸ்வரி அம்மா மறுபடியும் எடுத்து, "பெடியள் சுகமோ?" என்று கேட்டா. அதற்கடுத்த கிழமை வேறு இரண்டுபேர் கேட்டார்கள். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. ராஜினி நிகழ்ச்சியை "நால்வரும் சுகம்" என்று தொடங்கினால்தான் சனத்துக்குத் திருப்தி. ஆதாரமில்லாமல் எவருடைய சுகத்தையும் அறிவிக்க முடியாது என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். ஆதாரம் தேடும் வேலை என் தலையிலேயே விழுந்தது. நகர நடுவில் ஒரு கடைக்கு இங்கிலாந்து இசைப் பத்திரிகை பிந்தி வரும். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து, வழுக்கை விழத்தொடங்கிய தலையோடு, பச்சைத் தலைமயிர்ப் பிள்ளைகளுக்கு நடுவே வரிசையில் நின்று அதை வாங்கினேன். என் மனைவி அதைச் சமையலறை மேசையில் கண்டு, இந்த வயதில் உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். வானொலி அலுவல் என்றேன். அவள் நம்பவில்லை. நானும் முழுதாக நம்பவில்லை.

ஒருமுறை கெவின் மேடையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். ராஜினி அதை மறைக்காமல் அறிவித்தாள். முறிவுக்குப் போடும் எண்ணெய் ஒரு போத்தல் எங்கள் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது, இங்கிலாந்துக்கு அனுப்பிவிடும்படி. அது எங்கள் அலமாரியில் நெடுங்காலம் இருந்தது. பிறகு நாயகம் அண்ணையின் தோள்மூட்டுக்குப் பயன்பட்டது.

இரண்டாவது தட்டு வந்தபோது பெடியன்கள் வளர்ந்திருந்தார்கள். பாட்டுகள் மெதுவாகின. மழை பெய்தது, பெண்கள் போனார்கள், பியானோ அழுதது. பத்திரிகை அதை முதிர்ச்சி என்று புகழ்ந்தது. எங்கள் நேயர்கள் கவலைப்பட்டார்கள். பெடியளுக்கு வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்று கேட்டார்கள். அடுத்த வருடம் குழு உடைந்தது.

அந்தச் செய்தியை எப்படிச் சொல்வதென்று ராஜினி என்னோடு அரைநாள் இருந்தாள். "பிரிந்துவிட்டார்கள்" என்றால் அவளுடைய வாயில் அது என்னவாகும் என்று இருவருக்கும் தெரியும். "இசைப் பயணத்தை நிறைவுசெய்தார்கள்" இன்னும் மோசம். "மறைந்தது", "ஓய்ந்தது", "விடைபெற்றது" என்று நான் கொடுத்த சொல்லெல்லாம் சாவீட்டில்தான் போய் நின்றது. எங்கள் மொழியில் ஒரு வேலை முடிந்ததைச் சொல்ல ஒருவர் சாகாத சொல் இவ்வளவு குறைவு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தபின் அவள் தானாகவே சொன்னாள்: "பெடியள் பாடி முடிச்சிட்டு அவரவர் வீட்டுக்குப் போயிட்டினம். நால்வரும் சுகம்."

ஒரே ஒரு அழைப்பு வந்தது.

"வீட்டுக்குத்தானே போனவை?" என்றா பரமேஸ்வரி அம்மா.

"ஓம் அம்மா."

"அப்ப சரி."

ராஜினி பிறகு கலியாணம் முடித்து மொன்றியல் போனாள். மாப்பிள்ளை அந்த நிகழ்ச்சியைக் கேட்டவர் என்று சொன்னார்கள். வானொலி இன்று எல்லா நேரமும், எல்லாக் கருவியிலும் வருகிறது. பெட்டிகள் போய்விட்டன. மாடியில் இப்போது பல் வைத்தியர். கீழ்க்கடையில் இரும்பு அடித்த தம்பி பிக்கரிங்கில் சொந்தக் கடை போட்டு, கொத்த மெஷின் வைத்திருக்கிறார். மரண அறிவித்தலை யாரும் வாசிக்கக் காத்திருப்பதில்லை. படத்தோடு தொலைபேசிக்கே வந்துவிடுகிறது. கடைசிப் பேரப்பிள்ளை வரை பெயர் இருக்கும். கண்ணால் பார்த்து, விரலால் தள்ளிவிடலாம்.

சென்ற பனிக்காலத்தில் அப்படி ஒன்று வந்தது. புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும், கனடா வோபர்னை வதிவிடமாகவும் கொண்ட பரமேஸ்வரி. மகனுடைய பெயர் காலஞ்சென்றவர்கள் வரிசையில் இருந்தது. அம்மாவின் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வட்ட முகம், பெரிய கண்ணாடி, யாரோ பகிடி சொல்லிப் படம் எடுத்தது போலச் சிரிப்பு. இதைச் சும்மா கண்ணால் பார்த்துவிட்டு வைப்பது முறையல்ல என்று பட்டது. எழுந்து நின்று வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழையில்லை, நிறுத்தற்குறிகள் எல்லாம் சரியாக இருந்தன. ராஜினி வாசித்திருக்க வேண்டியது, என் குரலில் ஒரு அரசாங்கக் கந்தோர் அறிவித்தல் போலவே கேட்டது.